பழைய பத்திரிகைகளில் வன்னிக் கவிதைகளைத் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வன்னியில் பிறந்தவர்களும் வன்னிக்கு வந்து வாழ்ந்தவர்களும் எழுதி, ஒருமுறை பத்திரிகையில் அச்சாகி, பிறகு எந்தத் தொகுப்பிலும் சேராமல் போன கவிதைகளைச் சில ஆண்டுகளாகத் தேடி வருகிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கங்களிலிருந்து ஆசிரியர்களும் மாணவர்களும் இது பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு இதுவரை தனித்தனியாகவே பதில் சொல்லி வந்தேன். அவற்றை இங்கே ஒன்றுசேர்த்திருக்கிறேன்.

போரில் எல்லாமே அழிந்துவிட்டனவே, இனித் தேடி என்ன கிடைக்கும்?

முதலில் வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான். கேட்பவர்களில் பலர் தங்கள் வீட்டுப் புத்தகங்களை 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வழியிலே விட்டுவிட்டு நடந்தவர்கள் என்பதால், இதற்குப் பதில் சொல்லும்போது மிகவும் கவனமாக இருப்பேன். வீடுகளில் இருந்தவை பெரும்பாலும் போய்விட்டன. பள்ளிக்கூட நூலகங்களிலும் சனசமூக நிலைய வாசிகசாலைகளிலும் இருந்தவையும் அப்படியே. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகின. ஈழநாடு பத்திரிகையின் அலுவலகமும் அதே நாட்களில்தான் எரிந்தது.

ஆனால் வன்னிக் கவிதைகளின் நிலை சற்று வேறு. நீண்ட காலமாக வன்னியில் அச்சகங்கள் அரிது. இங்கு எழுதியவர்கள் தங்கள் கவிதைகளைத் தபாலில் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் அனுப்பினார்கள். 1930 இல் தொடங்கி 1958 வரை வெளிவந்த ஈழகேசரி, அதே 1930 இல் கொழும்பில் தொடங்கிய வீரகேசரி, 1932 இல் தொடங்கிய தினகரன், 1947 இல் தொடங்கிய சுதந்திரன், 1959 இல் தொடங்கிய ஈழநாடு போன்ற பத்திரிகைகளும், 1966 முதல் வெளிவந்த மல்லிகை போன்ற சஞ்சிகைகளும் வெளியூர்களிலே அச்சாகி வெளியூர்களிலே சேமிக்கப்பட்டன. ஊரில் அச்சகம் இல்லாதது அன்று பெருங்குறையாகத் தெரிந்தது. அந்தக் குறையினால்தான் இங்கு அழிந்தவற்றின் மறுபிரதிகள் வேறிடங்களில் தப்பிக் கிடக்கின்றன. ஆகவே "எல்லாம் போய்விட்டது" என்ற முடிவுக்கு வருவதற்கு முன் வன்னிக்கு வெளியே ஒருமுறை தேடிப் பாருங்கள் என்பதே என் பதில்.

எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கையில் இணைய இணைப்பு இருந்தால் 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகத்திலிருந்து தொடங்கலாம். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் மலர்களும் அங்கே பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்கப்பட்டுள்ளன. பணம் எதுவும் கட்டாமல் வாசிக்கலாம். பத்திரிகைகள் நாள்வாரியாகப் பதிவாகியிருப்பதால், கவிஞரின் பெயரைத் தட்டச்சுச் செய்து தேடினால் பலவேளை ஒன்றுமே வராது. பெயர் வரவில்லை என்பதற்காகக் கவிதை இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஞாயிற்றுப் பதிப்பைத் திறந்து, பக்கங்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துச் செல்வதே இன்றும் நம்பத்தக்க வழி.

அங்கு இல்லாத இதழ்களுக்குக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்துக்குப் போக வேண்டியிருக்கும். இலங்கையில் அச்சாகும் பத்திரிகைகளின் பிரதிகளை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற சட்டம் 19 ஆம் நூற்றாண்டிலிருந்தே இருப்பதால், எவர் வீட்டிலும் எஞ்சாத இதழ்கூட அங்கே கட்டுத் தொகுதியாக இருக்கக்கூடும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்தையும் விட்டுவிடாதீர்கள். வவுனியாவிலிருந்தோ கிளிநொச்சியிலிருந்தோ கொழும்புக்குப் போய்வருவது செலவான காரியம். அடையாள அட்டையை எடுத்துச் செல்வதோடு, எந்தப் பத்திரிகை, எந்த ஆண்டு, எந்த மாதம் என்பதை வீட்டிலேயே எழுதி வைத்துக்கொண்டு புறப்பட்டால், ஒரு நாளில் மூன்று நாள் வேலையை முடிக்கலாம்.

பத்திரிகையைத் தவிர வேறு எங்கெல்லாம் கவிதைகள் ஒளிந்திருக்கும்?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்கு மிகவும் மகிழ்ச்சி, ஏனெனில் வன்னியைப் பொறுத்தவரை செல்வம் இங்கேதான் இருக்கிறது. பள்ளிக்கூட ஆண்டு மலர்கள், கோயில் குடமுழுக்கு மலர்கள், கூட்டுறவுச் சங்க மலர்கள், திருமண வீட்டில் வாசித்து மடித்துக் கொடுத்த வாழ்த்துப்பாத் தாள்கள் என்பவற்றையெல்லாம் பார்க்க வேண்டும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, இறந்தவரின் 31 ஆம் நாளில் வெளியிடப்படும் நினைவு நூல். அதை நாம் "கல்வெட்டு" என்றே சொல்லுகிறோம்.

கல்வெட்டுப் பாடல்களை இலக்கியமாக மதிக்காத போக்கு நம்மிடையே இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. ஊர்ப் புலவர் ஒருவர் வாழ்நாள் முழுவதும் எழுதியது கல்வெட்டுகளில் மட்டுமே அச்சாகியிருப்பதுண்டு. நல்ல யாப்புப் பயிற்சி உள்ளவர்களைத் தேடிப் போய்த்தான் மக்கள் பாடல் கேட்டு வாங்கினார்கள். இன்னுமொன்று, கல்வெட்டில் வரும் திதி வெண்பா, இறந்த ஆண்டு, மாதம், பட்சம், திதி எல்லாவற்றையும் நான்கடிக்குள் சொல்லிவிடும். எனவே அட்டை கிழிந்து திகதி தெரியாத கல்வெட்டையும் அதன் வெண்பாவைக் கொண்டே காலம் கணிக்கலாம். அதில் ஒரு நுட்பத்தை நினைவில் வைக்க வேண்டும். தமிழ் ஆண்டு சித்திரையில் தொடங்குவதால், ஏவிளம்பி ஆண்டுத் தை மாதம் என்றிருந்தால் அது 1957 அல்ல, 1958 ஆம் ஆண்டின் தொடக்கம். 60 ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருவதால், 2017 இல் பிறந்த ஏவிளம்பியோடு குழப்பாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். தாளும் எழுத்துமே அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

எழுதியவர் வன்னிக்காரர்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கவிதையின் கீழே உள்ள ஊர்ப்பெயர் முதல் தடயம். ஆனால் பழைய இதழ்களில் இன்றைய மாவட்டப் பெயர்களைத் தேடுவோர் ஏமாந்து போவார்கள். கிளிநொச்சி 1984 இல்தான் தனி மாவட்டமானது. அதற்கு முன் அது யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதி. முல்லைத்தீவு மாவட்டம் 1978 இல் உருவாகும்வரை முள்ளியவளை, ஒட்டுசுட்டான் போன்ற ஊர்கள் வவுனியா மாவட்டத்தில் இருந்தன. ஆகவே பழைய இதழில் "முள்ளியவளை, வவுனியா" என்று இருந்தால் அது பிழையன்று; அந்த முகவரி காலத்தைக் கணிக்கவும் உதவும்.

புனைபெயர் அடுத்த சிக்கல். மஹாகவி என்பவர் உருத்திரமூர்த்தி என்பதும் கவீந்திரன் என்ற பெயரில் எழுதியவர் அ. ந. கந்தசாமி என்பதும் இலக்கிய வரலாற்றில் பதிவானதால் நமக்குத் தெரிகிறது. ஊர்க் கவிஞர்களின் புனைபெயர்களுக்கு அத்தகைய பதிவு இல்லை. அப்போது ஊரில் வயது முதிர்ந்தவர்களிடம், முக்கியமாக அக்காலத்து ஆசிரியர்களிடமும் தபாலகத்தில் வேலை செய்தவர்களிடமும் கேட்பதே வழி. பத்திரிகை அலுவலகத்திலிருந்து வரும் கடிதம் யார் பெயருக்கு வந்தது என்பது தபாற்காரருக்குத் தெரிந்திருக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து இங்கு ஆசிரியராக வந்து, பத்துப் பதினைந்து ஆண்டுகள் இருந்து, தம் சொந்த ஊர்ப் பெயரைப் போட்டே எழுதியவர்களை வன்னிக் கவிஞர்களாகக் கொள்ளலாமா என்றும் கேட்கிறார்கள். நான் கொள்கிறேன். குளமும் காடும் காவற் கொட்டிலும் ஒருவரின் பாட்டில் வந்துவிட்டால் அந்தப் பாட்டு இங்கத்தையது.

திகதியே இல்லாத ஒரு துண்டு கிடைத்தால் என்ன செய்வது?

ஒரு துண்டை நான் தேடிய கதையைச் சொன்னால் வழி விளங்கும்.

முள்ளியவளையில் ஒரு வீட்டில், இடம்பெயரும்போது உரப்பையில் சுற்றி மண்ணுக்குள் புதைத்துவிட்டுப் போன றங்குப்பெட்டியை, ஊர் திரும்பியதும் தோண்டி எடுத்திருந்தார்கள். காணி உறுதி, சாதகக் குறிப்பு, பிறப்புச் சாட்சிப் பத்திரம் என்பவற்றோடு ஒரு பழைய கணக்குக் கொப்பியும் அதில் இருந்தது. அதன் உறை பத்திரிகைத் தாள். அந்த வீட்டு அம்மா கொப்பியை எடுத்துத் தந்தபோது, உறையின் மடிப்புக்குள் ஒரு விருத்தத்தின் தொடக்கம் தெரிந்தது. மெதுவாகப் பிரித்துப் பார்த்தேன். சூடு மிதிப்பை, அதாவது அறுத்த கதிரைக் களத்தில் மிதித்து நெல்லைப் பிரிப்பதைப் பற்றிய பாட்டு. இரண்டு விருத்தங்கள் முழுதாகவும், மூன்றாவதில் முதலடி மட்டும் இருந்தன. அதற்குக் கீழே கத்தரிக்கோல் போயிருந்தது. பெயர் பெரும்பாலும் கவிதையின் கீழேதான் அச்சாகும் என்பதால் எழுதியவர் யார் என்றும் தெரியவில்லை.

தாளின் மறுபக்கத்தைப் பார்த்தேன். சிவராத்திரிக்கு விசேட பஸ் சேவை நடத்தப்படும் என்ற அறிவித்தல் ஒன்று இருந்தது. ஆகவே மாசி மாதத்தை ஒட்டிய இதழ். அதன் அருகே இருந்த சிறு விளம்பரத்தில் முள்ளியவளை முகவரி வவுனியா மாவட்டத்தோடு இருந்தது. ஆகவே 1978 இற்கு முந்தியது. எழுத்தின் வடிவமும் பத்தியின் அகலமும் யாழ்ப்பாணத்து நாளிதழ் ஒன்றோடு பொருந்தின. அந்த நாளிதழின் மாசி மாத இதழ்களை ஆண்டு ஆண்டாகப் பார்க்கத் தொடங்கி, ஆறாவது ஆண்டின் தொகுதியில் முழுப் பாட்டையும் கண்டேன்.

கடைசி விருத்தம் இல்லாமல் வாசித்தபோது அது விளைச்சலின் மகிழ்ச்சியைப் பாடும் பாட்டாகவே இருந்தது. முழுதாக வாசித்தபோது, தூற்றிக் குவித்த நெல் களத்திலிருந்தே கடன் கொடுத்தவரின் வண்டிலில் ஏறிப் போவதும், வெறுங்களத்தில் ஒரு பெண் விளக்குமாற்றோடு நிற்பதும் அதில் இருந்தன. பாதியை மட்டும் வெளியிட்டிருந்தால் அந்தக் கவிஞருக்குப் பெரிய அநியாயம் செய்திருப்பேன்.

ஆகவே துண்டு கிடைத்தால் முதலில் அதன் மறுபக்கத்தைப் படமெடுங்கள். கவிதை இருக்கும் பக்கத்தைவிட அந்தப் பக்கமே காலத்தைச் சொல்லும்.

பழைய தாளை எப்படிக் கையாள வேண்டும்?

பத்திரிகைத் தாள் மரக்கூழிலிருந்து மலிவாகச் செய்யப்படுவது. அதிலுள்ள லிக்னின் என்னும் பொருள் வெளிச்சமும் வெப்பமும் பட்டால் மஞ்சளாகி, காலப்போக்கில் தாளைப் பொடிப்பொடியாக உதிர வைக்கும். வன்னி வெயிலும் மாரிக் கால ஈரமும் கறையானும் இராமபாணப் பூச்சியும் சேர்ந்தால் தாள் நெடுநாள் தாங்காது. கையைக் கழுவித் துடைத்து உலர்த்திவிட்டுத் தொடுங்கள். மடிப்பைப் பலவந்தமாக விரிக்காதீர்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டவே கூடாது. ஒட்டிய பசை சில ஆண்டுகளில் பழுப்பாகி எழுத்தையும் மறைத்துவிடும். லமினேற் செய்வதும் வேண்டாம், அதைத் திரும்பப் பிரிக்க முடியாது.

1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பத்திரிகைத் தாள் கிடைக்காமல் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சான இதழ்கள் நமக்கெல்லாம் நினைவிருக்கும். அவற்றில் மை இரு பக்கமும் ஊறியிருக்கும். படமெடுக்கும்போது பின்னால் ஒரு கறுப்புத் தாளை வைத்தால் மறுபக்க எழுத்து ஊடுருவித் தெரிவது குறையும்.

கைபேசியில் படமெடுத்தால் போதாதா?

போதும், ஒழுங்காக எடுத்தால். சாளரத்தருகே நேரடி வெயில் படாத வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், கைபேசியைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள். முதற் படம் பத்திரிகையின் பெயரும் திகதியும் உள்ள தலைப்பகுதியாக இருக்க வேண்டும். அடுத்தது முழுப் பக்கம். அதன் பிறகுதான் கவிதை. இந்த ஒழுங்கை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அழகாக எடுத்த கவிதைப் படங்கள் எத்தனையோ எனக்கு வந்திருக்கின்றன. எந்த இதழ், எந்த நாள் என்று கேட்டால் அனுப்பியவருக்கே தெரிவதில்லை. அப்படிப்பட்ட கவிதை இரண்டாம் முறை தொலைகிறது. படத்துக்குப் பெயரிடும்போதும் ஆண்டு, மாதம், நாள், பத்திரிகை, பக்கம் என்ற வரிசையில் இட்டால், கோப்புகள் தாமாகவே கால ஒழுங்கில் வரிசைப்படும்.

கணினி எழுத்துணரி பழைய பக்கங்களை ஏன் பிழையாக வாசிக்கிறது?

பெரும்பாலும் எழுத்து வடிவம்தான் காரணம். 1978 இல் தமிழ்நாட்டில் ஏற்கப்பட்ட எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணா, றா, னா ஆகியவை சுழித்த ஒற்றை எழுத்துகளாகவும், லை, ளை, ணை, னை ஆகியவை தும்பிக்கை போன்ற கொம்போடும் அச்சாகின. இலங்கை அச்சகங்களில் பழைய ஈய எழுத்துகள் அதற்குப் பிறகும் புழக்கத்தில் இருந்தன. எழுத்துணரி இவற்றை வேறு எழுத்தாகக் கொள்ளும். கையால் தட்டச்சுச் செய்து, இன்னொருவர் மூலத்தோடு வாய்விட்டு ஒப்பிட்டு வாசிப்பதே சரியான முறை.

சில எழுத்துகள் அழிந்திருந்தால் நாமே நிரப்பலாமா?

மரபுக் கவிதையானால் யாப்பு ஓரளவு கைகொடுக்கும். எல்லோருக்கும் தெரிந்த குறளையே எடுத்துக்கொள்வோம். "கற்க கசடறக் கற்பவை கற்றபின்" என்ற முதலடி முழுதாக இருந்து, இரண்டாமடியில் "…க அதற்குத் தக" என்பது மட்டும் எஞ்சியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். "கற்க" என்பதற்கு எதுகை வேண்டும் என்பதால் காணாமற்போன சொல்லின் இரண்டாம் எழுத்து "ற்" என்றும், முதல் எழுத்துக் குறில் என்றும் சொல்லிவிடலாம். அந்த அளவுக்கு யாப்பு சொல்லும். "நிற்க" என்பதைப் பொருள்தான் சொல்லும், பொருளில் நாம் தவறக்கூடும். எனவே நாம் சேர்த்த எழுத்தைப் பகர அடைப்புக்குள் இட்டு, அது நம் ஊகம் என்று குறிக்க வேண்டும்.

புதுக்கவிதையில் இந்த உதவி கிடையாது. அழிந்த இடத்தைப் புள்ளியிட்டு விடுவதே நேர்மை.

வெளியிட உரிமை வேண்டுமா?

இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆசிரியரின் வாழ்நாளும் அவர் இறந்த பின் 70 ஆண்டுகளும் படைப்புக்குக் காப்புரிமை உண்டு. பெயரில்லாமலோ, ஆள் யாரென்று அறியப்படாத புனைபெயரிலோ வந்தவற்றுக்கு முதல் வெளியீட்டிலிருந்து 70 ஆண்டுகள். ஆகவே 1950 களுக்குப் பிந்திய பெரும்பாலானவற்றுக்குக் குடும்பத்தாரின் எழுத்து மூலமான சம்மதம் தேவை.

போர்க்காலக் கவிதைகளுக்குச் சட்டத்துக்கு மேலான ஒரு பொறுப்பும் இருக்கிறது. பதினெட்டு வயதில் ஒரு பிள்ளை எழுதிய கவிதை அந்தப் பிள்ளையின் தாயிடம் எஞ்சிய ஒரே கையெழுத்தாக இருக்கலாம். அந்தப் பிள்ளை உயிரோடு எங்கோ வேறு வாழ்வு வாழ்ந்துகொண்டும் இருக்கலாம். பெயரை வெளியிட வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் வெளியிடக் கூடாது. காரணம் கேட்கவும் கூடாது.

கண்டெடுத்ததை யாரிடம் கொடுப்பது?

மூலத்தாள் உரிமையாளரிடமே இருக்கட்டும். படங்களின் ஒரு பிரதியை எண்ணிம நூலகத்துக்கும், அச்சிட்ட ஒரு பிரதியை அந்த ஊர்ப் பிரதேச சபை நூலகத்துக்கும் கொடுங்கள். கவிஞரின் வீட்டுக்கு நேரில் கொண்டுபோய் வாசித்துக் காட்டுவதையும் தயவுசெய்து தவறவிடாதீர்கள். அது மரியாதை என்பதோடு, பாடத்தைத் திருத்தும் வேலையும் அங்கேதான் முடிகிறது.

மேலே சொன்ன சூடு மிதிப்புப் பாட்டின் கீழே இருந்த புனைபெயரைக் கொண்டு, ஒட்டுசுட்டான் பக்கத்தில் கவிஞரின் மகளைக் கண்டுபிடித்தோம். எழுபது வயதைக் கடந்தவர். நான் வாசிக்க வாசிக்கக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், "ஒலி தூற்றும்" என்று நான் வாசித்த இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ஒலி இல்லைத் தம்பி, பொலி. ஐயா பொலி எண்டுதான் பாடுறவர். ஒலியை ஆர் தூத்துவினம்?"

களத்தில் மிதித்துச் சேர்த்த நெல்லுக்குப் பொலி என்று பெயர். வயலில் நின்றறியாத யாரோ ஓர் அச்சுக்கோப்பாளர் அதைத் தமக்குத் தெரிந்த சொல்லாக மாற்றியிருக்கிறார். அடியைத் திரும்பப் பார்த்தேன். அதன் முதற் சீர் "பொ" என்றே தொடங்குகிறது. மோனை விழவேண்டிய சீரில்தான் இந்தச் சொல் நிற்கிறது. மூலத்தை எத்தனையோ முறை பார்த்திருந்தும் நான் அதைக் கவனிக்கவில்லை.

இப்போது எங்கள் பதிவில் "பொலி தூற்றும்" என்றே இருக்கிறது. அச்சில் "ஒலி" என்று உள்ளதும், திருத்தம் கவிஞரின் மகள் வாய்மொழியாகச் சொன்னது என்பதும், அவர் சொன்ன நாளும் கீழே குறிக்கப்பட்டுள்ளன.